பொன்னியின் செல்வன்: விலையில் பத்து சதவீதம் கழிவு, புகழில் எவ்வளவு?

பல வீட்டு அலமாரிகளில் இந்த நாவலின் நிலை ஒன்றுதான். ஐந்து பாகங்களில் முதலாவதன் முதுகு மட்டும் மடிந்து வெளுத்திருக்கும். மற்ற நான்கும் கடை மெருகு குலையாமல் நிற்கும். 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தபோது ஆசைப்பட்டு வாங்கியவர்கள், ‘எல்லாரும் கொண்டாடுகிறார்கள், நமக்கு மட்டும் ஏன் ஓடவில்லை’ என்று மனசுக்குள் குமைவதும் உண்டு. வெளியே சொன்னால் ‘பொன்னியின் செல்வனே பிடிக்கலையா?’ என்று ஒரு பார்வை வரும். இன்னொரு பக்கம், தீவிர இலக்கியம் படிப்பவர்களிடம் இதைப் பிடிக்கும் என்று சொன்னாலும் ஒரு பார்வை வரும். இரண்டு பார்வைக்கும் நடுவே புத்தகத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, கொடுக்கிற காசுக்கும் நேரத்துக்கும் என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் பொருளின் அளவு. ‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை வந்த தொடர்கதை இது. ஏறக்குறைய 185 வாரங்கள். புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. ஆக மொத்தம் 293. கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயத்துக்குச் சற்று மேல். புத்தகமாக வாங்கினால் 2,000 பக்கத்தைத் தாண்டும். தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று அதன் ஆசிரியர் கல்கி காலமானார். அதாவது, ஐந்து பாகமும் கட்டு கட்டிய புத்தகமாக வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. உட்கார்ந்து சுருக்கவோ, திரும்ப வந்ததை வெட்டவோ அவருக்கு வாய்ப்பே இருக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த நாவலின் பாதிக் குறைகளுக்குக் காரணம் விளங்கிவிடும்.

வாரத் தொடர் என்பது ஒரு தனித் தொழில். வாசகர் ஏழு நாள் கழித்துத்தான் அடுத்த பகுதியைப் பார்ப்பார். நடுவில் ஓர் இதழ் தவறியும் போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு பகுதியும் மூன்று வேலை செய்தாக வேண்டும்: போன வாரம் விட்ட இடத்தை ஞாபகப்படுத்த வேண்டும், இந்த வாரத்துக்கென்று ஒரு காட்சியை முழுதாகத் தர வேண்டும், கடைசி நாலு வரியில் அடுத்த வாரத்துக்கு முன்பணம் வாங்க வேண்டும். கல்கி இந்த மூன்றையும் எப்படிச் செய்கிறார் என்பதுதான் இந்தப் புத்தகத்தில் உண்மையாகவே மதிக்கத்தக்க விஷயம். ரசிகர்கள்கூட இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ‘வந்தியத்தேவன் மாதிரி வருமா’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு அரிசிலாற்றங்கரைக் காட்சி. கரையில் பெண்கள் நிற்க, பக்கத்தில் முதலை. குதிரையில் வந்த வந்தியத்தேவன் வேலை எறிகிறான். பெண்கள் சிரிக்கிறார்கள். அது பஞ்சடைத்த முதலை; இளவரசி குந்தவையின் தோழி வானதியின் தைரியத்தைச் சோதிக்க வைத்தது. இதில் நடக்கும் வேலையைக் கவனியுங்கள். ஆபத்து என்ற பதற்றம் கிடைத்துவிட்டது, அதைச் சிரிப்பாக மாற்றி நாயகனை ஒரு படி கீழே இறக்கியாயிற்று, குந்தவைக்கு அவன்மேல் ஓர் எண்ணம் விழ வாய்ப்பும் கொடுத்தாயிற்று. ஒரே கல்லில் மூன்று மாங்காய். முதல் பாகம் முழுக்க இந்தச் சிக்கனம் இருக்கிறது. வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு அன்று தொடங்கி, கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டம், குடந்தை சோதிடர் வீடு, தஞ்சைக் கோட்டை, பனை இலச்சினை, நிலவறை என்று ஓர் ஓலைக்காரனின் பயணத்தை நூல் பிடித்துக்கொண்டு சோழ நாட்டு அரசியல் முழுவதையும் அறிமுகம் செய்துவிடுகிறார். தலைப்பில் இருக்கும் பொன்னியின் செல்வன், அதாவது பின்னாளில் ராஜராஜனான அருள்மொழி, முதல் பாகத்தின் நடப்புக் கதையில் நேரில் வருவதே இல்லை. பிறர் பேச்சிலும் பழைய நினைவிலும்தான் வருகிறார். 57 அத்தியாயம் தலைப்பு நாயகனைக் காட்டாமல் வைத்திருந்து, இரண்டாம் பாகத்தில் இலங்கையில் கொண்டுவந்து நிறுத்துவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவின் சாகசக் கதைகளோடு வந்தியத்தேவனை ஒப்பிடுவது வழக்கம். ஒப்பீடு சரிதான், தூமாவும் செய்தித்தாளில் தொடர் எழுதிப் பிழைத்தவர்.

இனி, இந்த இயந்திரம் எங்கே முனகுகிறது என்பது.

கூறியது கூறல் முதல் புகார். ஒரு பாத்திரம் பார்த்ததை இன்னொரு பாத்திரத்திடம் சொல்லும். அதை மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்டு நான்காவது ஆளிடம் போய்ச் சொல்லும். நடந்தது நமக்கு முதல் முறையே தெரியும். வாரா வாரம் படித்தவருக்கு இது தயவு. ஒரே மூச்சில் படிக்கிறவருக்குத் தண்டனை. சோழத் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினியின் அழகைப் பற்றிய வர்ணனையும் இதே ரகம். அவள் வரும் இடமெல்லாம் அந்த மோகன சக்தியை மறுபடி நினைவூட்டுவார். மூன்றாம் முறைக்கு மேல் கண் தானாகவே அடுத்த பத்திக்குத் தாவும், தாவினால் தப்பில்லை.

இரண்டாவது, ஒட்டுக்கேட்பது. கடம்பூரில் சிற்றரசர்கள் சதி பேசினால் வந்தியத்தேவன் மேல்மாடத்தில். திருப்புறம்பியம் பள்ளிப்படையில் பாண்டிய மன்னனுக்காகச் சபதமேற்ற ஆபத்துதவிகள் கூடினால் வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியான் மறைவில். தஞ்சை நிலவறையிலும் இதே கதைதான். இந்தச் சோழ நாட்டில் யாராலும் ரகசியமாக எதையும் பேச முடியாது போலிருக்கிறது. முதல் இரண்டு தடவை விறுவிறுப்பாக இருக்கும் உத்தி, பத்தாவது தடவை வரும்போது ‘தூணுக்குப் பின்னால் யார்?’ என்று நாமே முன்கூட்டிக் கேட்டுவிடுகிறோம். காரணம் எளிது. கதையைச் சொல்பவர் எல்லாம் அறிந்தவராக இருந்தாலும், செய்தி ஒரு பாத்திரத்திடமிருந்து இன்னொரு பாத்திரத்துக்குப் போக வழி வேண்டும். அந்தக் காலத்துக் கதைக்குத் தபாலும் கிடையாது, தொலைபேசியும் கிடையாது. ஓலை, ஒற்றன், ஒட்டுக்கேட்பு மூன்றே வழி. மூன்றையும் கல்கி தேயத் தேயப் பயன்படுத்துகிறார்.

மூன்றாவதுதான் பலரையும் கைவிட வைக்கிற இடம். சுழற்காற்றில் கோடிக்கரையும் கடலும் புயலும் இருக்கின்றன. ஓடக்காரப் பெண் பூங்குழலியின் படகோடு கதையும் ஓடுகிறது. கொலை வாளின் நடுப்பகுதிக்கு வந்ததும் ஓட்டம் நின்று பேச்சு தொடங்குகிறது. மணிமகுடம் முடியும் வரை கடம்பூருக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பதிலேயே பெரும் பங்கு போகிறது. யார் நந்தினியின் பெற்றோர், ஊமை ராணி யார், எந்தக் குழந்தை எங்கே மாறியது என்பதைப் பற்றி எல்லாரும் எல்லாரிடமும் பாதி உண்மை பேசுவார்கள். முழு உண்மையைச் சொல்லக்கூடியவர் வாயைத் திறக்கும்போது யாராவது வந்து நிற்பார்கள். முடிச்சைத் தள்ளிப்போடுவதற்காகவே தள்ளிப்போடும் பக்கங்கள் இவை. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை ஐந்தாம் பாகத்தில்தான் நடக்கிறது. அதுவரை அதற்காகக் காத்திருப்பவருக்குப் பொறுமை வேண்டும்.

அந்தக் கொலையைச் சொன்ன விதத்திலும் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. சம்பவம் நடக்கும் இடத்தில் இருட்டு. கொன்றது தாம்தான் என்று எண்ணவும் சொல்லவும் ஒன்றுக்கு மேற்பட்டவர் இருக்கிறார்கள். இது நயமான புதிர் என்று சொல்வோர் உண்டு. ஐந்து பாகம் படித்தவரை ஏமாற்றிய வேலை என்று சொல்வோரும் உண்டு. இரண்டாவது அணியின் பக்கம்தான் நியாயம் சற்று அதிகம்: புதிரைத் திறந்தபடி விடுவதற்கும், விடையை எழுத மனமில்லாமல் விளக்கை அணைப்பதற்கும் வேறுபாடு தெரியத்தானே செய்கிறது. ஆனால் கல்கி ஏன் அப்படி விட்டார் என்பதற்குக் கல்லில் ஒரு காரணம் இருக்கிறது. அங்கேதான் இந்த நாவலின் புகழில் அதிகக் கழிவு போட வேண்டிய பகுதியும் வருகிறது.

இதை வரலாறு என்று நம்புகிறவர்கள் இன்றும் ஏராளம். சோழர் பற்றிய பேச்சு எங்கே வந்தாலும் பெரிய பழுவேட்டரையரின் 64 விழுப்புண்கள் சாட்சிக்கு வரும். நடந்தது என்னவென்றால், காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலபுலன்கள் குறித்து வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரசாணை அது. அதில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய பெயர்கள் வருகின்றன. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்றும் பட்டங்கள் உண்டு. பிரமாதிராஜன் என்பது அரசுப் பணியில் இருந்த பிராமணர்களுக்குத் தந்த பட்டம். ஆக, கல்வெட்டு காட்டுவது நாவலில் வரும், காட்டில் ஆந்தை மாதிரி அலறும் மந்திரவாதி ரவிதாசனை அல்ல, பட்டம் பெற்ற உயர் அதிகாரிகளை. கல்கி பெயர்களை எடுத்துக்கொண்டு ஆட்களை வேறு ஆக்கினார்.

ஆதித்தன் இறந்ததற்கும் இந்த ஆணைக்கும் நடுவே, ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கடந்துவிட்டது. கொலையாளிகள் மீது அத்தனை ஆண்டுகள் நடவடிக்கை ஏன் இல்லை? இதை வைத்து வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் ஐயம் கொண்டார்; சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்கி இருவர் நூலையும் பயன்படுத்தியவர். அறிஞர்களே தீர்க்காத வழக்கில் தாம் தீர்ப்பு எழுதினால் சிக்கல் என்று அவர் நினைத்திருந்தால் வியப்பில்லை. அதனால் விளக்கணைந்தது.

இன்னொரு உரசல் இதைவிடப் பெரியது. நாவலின் முடிவில், அரியணைக்கு உரிமை கோரும் மதுராந்தகனாக வளர்ந்தவன் கண்டராதித்தன் மனைவி செம்பியன் மாதேவியின் மகனே அல்ல. பூமாலை கட்டும் சேந்தன் அமுதனே உண்மையான இளவரசன், அவனே உத்தம சோழன். கதைக்கு இனிப்பான திருப்பம். ஆனால் செம்பியன் மாதேவியாரின் கல்வெட்டுகள் அந்த அம்மையாரை எப்படிக் குறிக்கின்றன தெரியுமா? உத்தம சோழரைத் ‘திருவயிறு வாய்த்த’ உடைய பிராட்டியார் என்று. பிள்ளை மாறாட்டத்துக்கு அங்கே ஓர் இண்டு இடுக்குகூட இல்லை. நாகப்பட்டினம் சூடாமணி விகாரமும் அப்படித்தான். ஆனைமங்கலச் செப்பேட்டின்படி அது ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பியது. நாவலிலோ ராஜராஜன் பட்டத்துக்கு வருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே காய்ச்சலோடு அங்கே படுத்திருக்கிறார். நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, ஊமை ராணி மந்தாகினி நால்வரும் முழுக்கக் கற்பனை. வந்தியத்தேவன் மட்டும் கல்வெட்டில் உண்டு: தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவைப் பிராட்டியாரை ‘வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்’ என்று பொறித்திருக்கிறார்கள். மனைவியின் பெயருக்கு அடைமொழியாக வந்த அந்த ஒற்றைப் பெயரை எடுத்து இவ்வளவு பெரிய ஆளைச் செய்த கைத்திறனுக்கு எவ்வளவு பாராட்டும் தகும்.

அருள்மொழி மணிமுடியை விட்டுக்கொடுக்கும் ‘தியாகம்’ மட்டும் ஆதாரமுள்ளது. குடிமக்கள் வேண்டியும், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும் வரை தான் அரசை மனத்தாலும் விரும்பேன் என்று இருந்ததாக ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. சொல்வது யார்? மகன் வெளியிட்ட செப்பேடு, அப்பாவைப் பற்றி. உப்புச் சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். கல்கி சர்க்கரை சேர்த்தார்.

வரலாறு என்ற வகையில் புகழைப் பாதிக்கு மேல் குறைக்கலாம் என்றால், இலக்கியம் என்ற வகையில்? ‘மணிக்கொடி’ இலக்கிய இதழின் மரபில் வந்த விமர்சகர்கள் இதை நாவல் கணக்கிலேயே சேர்க்கத் தயங்கினார்கள். மாத்திரை கூடிப்போன கோபம் என்றாலும் காரணமில்லாமல் இல்லை. முதல் பக்கத்தில் வந்தியத்தேவன் எப்படியோ கடைசிப் பக்கத்திலும் ஏறக்குறைய அப்படியே. குந்தவை தவறே செய்ய மாட்டாள். அருள்மொழியிடம் குறை தேடினால் கிடைக்காது. அதனால்தான் அவர் வரும் பக்கங்கள் மற்றவர்கள் வரும் பக்கங்களைவிடச் சப்பென்று இருக்கின்றன. மனசுக்குள் இரண்டு பக்கமும் இழுபடுகிறவர்கள் மூன்றே பேர்: கரிகாலன், நந்தினி, பெரிய பழுவேட்டரையர். வயதான காலத்தில் ஒரு பெண்ணிடம் தோற்று, தோற்றது தெரிந்தும் வெளியே வர முடியாமல் தவிக்கும் அந்தக் கிழவர்தான் இந்த நாவலின் உண்மையான இலக்கியச் சாதனை. அவருக்கென்று எழுதிய ஐந்தாம் பாகப் பக்கங்களில் ஒப்பனை இல்லை.

‘வாரத் தொடர் என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்ற சமாதானம் எல்லா இடத்திலும் எடுபடாது. தி. ஜானகிராமனின் மோகமுள்ளும் வாரத் தொடராக வந்ததுதான். அதில் ஆட்கள் வளர்கிறார்கள், கசங்குகிறார்கள், மாறுகிறார்கள். சாகித்ய அகாதமி விருதும் கல்கிக்குக் கிடைத்தது (1956, மறைவுக்குப் பின்) பொன்னியின் செல்வனுக்காக அல்ல, அலை ஓசைக்காக. இன்று அலை ஓசையை எத்தனை பேர் கையில் எடுக்கிறார்கள்? புகழ் என்பது தரத்தின் வரிசையில் வந்து நிற்பதில்லை. எது திரும்பத் திரும்ப அச்சாகிறதோ, எது தொடராக மறுபடி மறுபடி வருகிறதோ, அதன் பின்னால் நிற்கும். இதே கணக்கில் 1879-ல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை முதல் தமிழ் நாவல் என்று எல்லாரும் பெயர் சொல்கிறோம். வேதநாயகம் பிள்ளையின் நகைச்சுவைத் துணுக்குகளுக்காக நூறு பக்கம் படிக்கலாம். கதைக்காக என்றால் வேண்டாம்.

பதிப்புக்கு வருவோம். புத்தகத்தின்மேல் வரும் எரிச்சலில் கணிசமான பங்கு கல்கியுடையது அல்ல, மோசமான பதிப்புடையது. தமிழக அரசு கல்கியின் எழுத்துகளை 1990-களின் இறுதியில் நாட்டுடைமை ஆக்கியது. ஆக்காமல் விட்டிருந்தாலும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற சட்டக் கணக்கில் 2015 தொடக்கத்தோடு உரிமை முடிந்திருக்கும். ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். விலை சரிந்தது நல்லதுதான். கூடவே மெய்ப்புப் பார்ப்பதும் சரிந்தது.

மலிவுப் பதிப்பில் வழக்கமாக என்ன கெடுகிறது? பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரியும். ‘கொ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கெ’யும் அடுத்து அநாதையாக ஒரு காலும் நிற்கும். துணைக்காலும் ‘ர’வும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரும். ‘ஸ்ரீ’ கட்டமாக மாறும். இவற்றையாவது கண்ணால் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்தை மிச்சம் பிடிக்க இரண்டு பேர் பேசுவதை ஒரே பத்தியில் அடைத்துவிடுவது அதைவிட மோசம். கல்கியின் உரையாடல் ‘என்றான், என்றாள்’ இல்லாமலே பல வரி ஓடும். பத்தி பிரியாவிட்டால் யார் பேசுகிறார் என்பதே குழம்பிவிடும். ‘நடை புரியவில்லை’ என்று சொல்லும் புது வாசகர்கள் தங்கள் பிரதியை ஒருமுறை சந்தேகப்படலாம்; 1950-களின் ‘வாலிபன்’, ‘பிரயாணம்’, ‘சமாசாரம்’ போன்ற சொற்களைத் தவிர இந்த நடையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தடை கிடையாது.

கட்டு அடுத்த விஷயம். ஐந்து பாகமும் ஒரே தடிமன் அல்ல. 91 அத்தியாயம் உள்ள தியாகச் சிகரம் மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெறும் பசைக் கட்டு என்றால் முதலில் பிளப்பது அந்தப் பாகம்தான். நடுப்பக்கத்தை விரித்துப் பார்த்தால் நூல் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகப் போட்டவை பார்க்க லாபமாகத் தோன்றும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரியும், எழுத்து பொடியாக இருக்கும், படுத்துக்கொண்டு படிக்கவே முடியாது. இந்தப் புத்தகம் படுத்துக்கொண்டு படிக்கத்தான் எழுதப்பட்டது. பாகத்தைத் தனித்தனியாகத் தரும் கடையானால் முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள். அதற்கும் முன்னால் இணையத்தில் மதுரைத் திட்டத்திலோ விக்கிமூலத்திலோ இலவசமாக முதல் பதினைந்து அத்தியாயம் படித்துப் பார்ப்பது இன்னும் புத்திசாலித்தனம். குடந்தை சோதிடர் வீடு வரை வந்தும் அடுத்தது என்ன என்று கை துருதுருக்கவில்லை என்றால், மீதி 1,900 பக்கம் அதைச் சரிசெய்யப் போவதில்லை.

ஓவியத்துக்குத் தனியாகக் காசு கொடுக்கலாமா? தொடராக வந்தபோது வரைந்தவர் மணியம். நமக்கு மனசில் இருக்கும் கொண்டையும் கச்சையும் வாள்பிடியும் பெரும்பாலும் அவர் கோடு. அவர் படங்கள் தெளிவாக அச்சான பதிப்பு கிடைத்தால் கூடுதல் விலை தகும். மங்கலாக நகலெடுத்துத் தபால்தலை அளவில் போட்டிருந்தால் படமே இல்லாத பதிப்பு மேல்.

சுருக்கப் பதிப்பு வேண்டவே வேண்டாம். கூறியது கூறலை வெட்டுகிறவர்கள் அதோடு ஆழ்வார்க்கடியான் சைவர்களிடம் தடியைச் சுழற்றிக்கொண்டு போடும் சண்டையையும் வெட்டிவிடுகிறார்கள். கதைச் சம்பவம் மட்டும் போதும் என்றால் படமே போதுமே. சிறுவர்களுக்கான சித்திரக்கதை வேறு கணக்கு. அது தாராளமாக இருக்கட்டும். ஒலிப்புத்தகம்தான் எதிர்பாராத நல்ல வடிவம். கண்ணை எரிச்சல்படுத்தும் அதே ஞாபகமூட்டல் காதுக்கு உதவியாகிவிடுகிறது. பேருந்தில் நடுவே இரண்டு நிமிடம் கவனம் சிதறினாலும் கல்கி திரும்பச் சொல்லிவிடுவார். வாங்கும் முன் அத்தியாய எண்ணிக்கை 293 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் வேகம் பற்றி. ஓர் அத்தியாயம் சராசரி ஏழு பக்கம், கால் மணி நேரம். நாளைக்கு இரண்டு என்று வைத்தால் ஐந்து மாதத்தில் முடியும். விடுமுறையில் ஒரு வாரத்தில் முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள்தான் மூன்றாம் பாகத்தில் விழுகிறார்கள். முறுக்கைப் பாத்திரத்தோடு சாப்பிட்டால் திகட்டத்தானே செய்யும். தொடங்குவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் வம்சாவளி எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகனுக்கு ராஜாதித்தன், கண்டராதித்தன், அரிஞ்சயன் என்று மக்கள். ராஜாதித்தன் தக்கோலப் போரில் இறந்தான். கண்டராதித்தன் மகன் மதுராந்தகன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். அவர் மக்கள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. மூத்தவன் மகனுக்கா, ஆண்டுகொண்டிருப்பவன் மகனுக்கா அரியணை என்பதுதான் எல்லாச் சண்டைக்கும் வேர். இந்த ஆறு வரி தெரிந்தால் கடம்பூர்க் கூட்டம் முதல் வாசிப்பிலேயே விளங்கும். தெரியாவிட்டால் பெயர்க் கூட்டமாகத் தோன்றும். கல்கியின் இன்னொரு நாவலான சிவகாமியின் சபதத்தை முதலில் படித்துவிட்டு இதற்கு வருவதும் நல்ல வழி. அது அளவில் சிறியது, கதைக்கட்டும் இதைவிட இறுக்கம்.

நடுவில் தாவலாமா என்றால், தாவலாம். மூன்றாம், நான்காம் பாகங்களில் ஒருவர் இன்னொருவரிடம் முன்பு நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் கண்ணை ஓடவிடுங்கள். பெரிய பழுவேட்டரையர் வரும் எந்தப் பக்கத்தையும் தாவாதீர்கள். ஐந்தாம் பாகத்தில் எதையுமே தாவ வேண்டாம். கடலும் காவிரியும் பொங்கும் பக்கங்களில் கல்கியின் கை முதல் பாகத்தின் வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது.

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டிய சோதனை ஒன்று பாக்கி. ஐந்தாம் பாகத்தை எடுத்துக் கடைசியிலிருந்து புரட்டுங்கள். 91-ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு கல்கி எழுதிய முடிவுரை இருக்க வேண்டும். கதை திடீரென்று நின்றுவிட்டது, அந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று, இந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று என்று கேட்ட வாசகர்களுக்கு அவர் சொன்ன பதில் அதில் இருக்கிறது. பக்கத்தை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்ட பதிப்பு என்றால், பத்து சதவீதம் என்ன, ஐம்பது சதவீதம் கழிவு தந்தாலும் திரும்ப அடுக்கில் வைத்துவிடுங்கள்.